எஞ்சின் எண் எழுதிய நோட்டு: நீராவி குறைந்த ஆண்டுகளில் என் எண்கள் கூடியது ஏன்?

மாயூரம்_சந்திப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த மாதம் எங்கள் பழைய வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தபோது, பரணில் கிடந்த தகரப்பெட்டிக்குள், அம்மாவின் பால் கணக்கு, மளிகைக் கணக்குகளுக்கெல்லாம் அடியில், என்னுடைய நாற்பது பக்க நோட்டு ஒன்று அகப்பட்டது. 1978 கோடை விடுமுறையில் தொடங்கி 1982 டிசம்பர் வரை மயிலாடுதுறை சந்திப்பில் நான் கண்ட நீராவி எஞ்சின்களின் எண்கள் அதில் வரிசையாக இருக்கின்றன. தொடங்கியபோது எனக்கு வயது பத்து, ஊருக்குப் பெயர் மாயூரம். நோட்டு முடிவதற்குள் ஊரின் பெயரே மாறிவிட்டது. ஈரம் பட்டதால் கடைசித் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. அவற்றை இன்னும் பிரிக்கவில்லை.

அந்தச் சந்திப்பு ஒரு சிறுவனுக்கு எப்படிப்பட்ட இடமாக இருந்தது என்பதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விழுப்புரம், தஞ்சாவூர், திருவாரூர், தரங்கம்பாடி என்று நான்கு திசைகளுக்கும் அங்கிருந்து மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளப் பாதை பிரிந்தது. நடைமேடை முடிந்து சரிவாக இறங்கும் இடத்துக்கு அருகே, எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் இரும்புத் தூண் நின்றது. வண்டி வந்து நின்றதும் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன், எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர்மேல் ஏறி, தூணின் கையை இழுத்துத் திருப்பி, அதன் நுனியில் தொங்கும் பையைத் துளைக்குள் விட்டுவிட்டுக் கீழே இருப்பவருக்குக் குரல் கொடுப்பார். தொட்டி நிரம்பி வழியும் தண்ணீர் கரித்தூளையும் சேர்த்துக்கொண்டு பக்கவாட்டில் கறுப்பாக இறங்கும். நாங்கள் அதற்கு அடியில் போய் நின்று கால் நனைத்துக்கொள்வோம். மேலே தண்ணீர், இரண்டடி தள்ளி அனல். அந்த இடத்திலிருந்து பார்த்தால் ஓட்டுநர் அறையின் பக்கத்தகட்டில் இருக்கும் எண் தெளிவாகத் தெரியும்.

இது ஒரு பொழுதுபோக்கு என்றோ, உலகத்தில் வேறு எங்கோ சிறுவர்கள் இதையே செய்கிறார்கள் என்றோ எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒய் என்றால் மீட்டர் கேஜ், பி என்றால் பயணிகள் வண்டி, ஜி என்றால் சரக்கு என்று மாமா சொல்லிக்கொடுத்தது மட்டும்தான் எங்கள் கல்வி. எண்ணைப் படிக்க முடியாத தூரத்தில் வண்டி போனால் சக்கரத்தை எண்ணுவோம். ஒரு பக்கத்தில் மூன்று பெரிய சக்கரங்கள் இருந்தால் ஒய்.பி., நான்கு சிறிய சக்கரங்கள் இருந்தால் ஒய்.ஜி.

என் கேள்விகள் இரண்டு. முதலாவது, கணக்கு தொடர்பானது. நான் புதிதாகப் பார்த்த எண்களை மட்டுமே எழுதியிருக்கிறேன். ஏற்கெனவே இருக்கும் எண்ணைத் திரும்ப எழுதவில்லை. அப்படி எண்ணிப் பார்த்தால் 1978-ல் 14, 1979-ல் 9, 1980-ல் 7 என்று இயல்பாகவே குறைந்து வருகிறது. ஓர் ஊருக்கு வழக்கமாக வரும் எஞ்சின்களைப் பார்த்து முடித்துவிட்டால் புதியவை குறையத்தானே வேண்டும்? ஆனால் 1981-ல் 13 புதிய எண்கள், 1982-ல் 19. நீராவி ஒழிந்துகொண்டிருந்த காலத்தில் இது எப்படிக் கூடியது? நான் வளர்ந்து, சைக்கிள் கிடைத்து, அடிக்கடி நிலையத்துக்குப் போனேன் என்பது காரணமாக இருக்க முடியாது. ஒன்பதாம் வகுப்பு வந்த பிறகு போவது குறைந்துதான் போனது.

இரண்டாவது கேள்வி சிறியது. சில எண்களுக்கு எதிரே 'பு' என்று ஓர் எழுத்து மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறேன். அதற்கு என்ன பொருள் வைத்திருந்தேன் என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. உங்களில் யாராவது இப்படி ஒரு குறியைப் பயன்படுத்தியதுண்டா?

தண்டவாளத்தடி எழுதியது:

ஐயா, இயந்திரப் பிரிவில் எழுத்தராகப் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் உங்கள் முதல் கேள்விக்கு விடை சொல்ல முயல்கிறேன். நீங்கள் கண்டது மாயமும் இல்லை, கணக்குப் பிழையும் இல்லை. ஒழிந்துகொண்டிருந்ததால்தான் கூடியது.

நம் நாட்டில் நீராவி எஞ்சின்கள் கிழடுதட்டிச் சாகவில்லை என்பதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும். ஒய்.பி. வகையில் 1949-க்கும் 1970-க்கும் இடையே 871 எஞ்சின்கள் செய்யப்பட்டன; 2000-லிருந்து 2870 வரை எண் கொடுத்தார்கள். அவற்றின் கடைசித் தொகுதிகள் ஜம்ஷெட்பூரில் டெல்கோ நிறுவனம் செய்தவை. ஒய்.ஜி. வகையில் ஆயிரத்துக்கும் மேல் உண்டு. அவற்றில் கடைசியானது சித்தரஞ்சன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது 1972-ல். ஆக, நீங்கள் 1982-ல் பார்த்த எஞ்சின்களில் சில, உங்களைவிட வயதில் இளையவையாகக்கூட இருந்திருக்கலாம். நன்றாகப் பராமரித்தால் நாற்பது ஆண்டு உழைக்கக்கூடிய இயந்திரத்தைப் பத்துப் பன்னிரண்டு வயதில் தூக்கிப்போட எந்த நிர்வாகமும் துணியாது. எனவே டீசல் வந்த இடத்திலிருந்து எடுத்து, டீசல் வராத இடத்துக்கு அனுப்பினார்கள்.

டீசல் எல்லா ஊர்களுக்கும் ஒரே நாளில் வரவில்லை. முதலில் கிடைத்தது விரைவு வண்டிகளுக்கும் நீண்ட தூரச் சரக்கு வண்டிகளுக்கும்தான். 1977 ஆகஸ்டு 15 அன்று மதுரைக்கும் சென்னைக்கும் இடையே வைகை எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியபோது, மீட்டர் கேஜில் இப்படியொரு வேகமா என்று வியந்து பேசாதவர்கள் இல்லை. நீராவியை வைத்துக்கொண்டு, வழியில் தண்ணீருக்கும் கரிக்கும் நின்று நின்று, அந்த நேரத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. சென்னைப் பக்கம் விழுப்புரம் வரை அறுபதுகளிலேயே மின்பாதை வந்துவிட்டதால் அங்கே ஜப்பானில் செய்த மின் எஞ்சின்கள் இழுத்தன. விழுப்புரத்தில் எஞ்சின் மாற்றுவதைப் பார்க்கவென்றே பயணிகள் இறங்கி நிற்பார்கள். இப்படி ஒவ்வொரு பாதையாகக் கைநழுவ நழுவ, அங்கே வேலையிழந்த ஒய்.பி.க்கள் மிச்சமிருந்த பாசஞ்சர் வண்டிகளுக்கும் கிளைப் பாதைகளுக்கும் வந்து சேர்ந்தன. உங்கள் ஊர் அந்த மிச்சங்களில் ஒன்று. மேட்டு நிலமெல்லாம் காய்ந்த பிறகு கடைசிக் குட்டையில் மீன் மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. காலமுறைப் பெரும் பழுதுபார்ப்பு நெருங்கிய எஞ்சினுக்குச் செலவு செய்ய அப்போது தயங்கத் தொடங்கிவிட்டார்கள். கொதிகலனில் பெரிய வேலை வந்தால் அதை ஓரங்கட்டிவிட்டு, வேறு ஷெட்டில், அதாவது எஞ்சின் கொட்டகையில், சும்மா நிற்கும், இன்னும் கொஞ்சம் ஆயுள் மிச்சமுள்ள ஒன்றை வரவழைப்பார்கள். ஏட்டில் 'மாற்றப்பட்டது' என்று ஒரு வரி எழுதுவது எங்கள் வேலை. அந்தக் காலத்தில் அந்த வரியை எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. ஒரே வேலைக்கு ஓராண்டில் மூன்று எஞ்சின்கள் மாறி மாறி வந்தால் உங்கள் நோட்டில் மூன்று எண்கள் சேரும். ஓடும் எஞ்சின் என்னவோ ஒன்றுதான்.

டீசலுக்கு ஏன் அத்தனை அவசரம் என்று இளையவர்கள் கேட்பதுண்டு. எரித்த கரியின் சூட்டில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்குகூட இழுவையாகக் கிடைப்பது அரிது. மற்றதெல்லாம் புகைபோக்கி வழியே வானத்துக்குப் போயிற்று. தமிழ்நாட்டில் ரயிலுக்கேற்ற நிலக்கரி கிடையாது. சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து அகலப்பாதை வண்டியில் கொண்டுவந்து, வழியில் ஆள் வைத்து மீட்டர் கேஜ் வண்டிக்கு மாற்றி ஏற்றி, பிறகுதான் ஷெட்டுக்கு அனுப்ப வேண்டும். கரியைச் சுமப்பதற்கே பாதி கரி செலவாகிறது என்று அலுவலகத்தில் வேடிக்கையாகச் சொல்வோம்.

'பு' என்பது 'புது' என்பதன் சுருக்கமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. பொன்மலைப் பணிமனையில் பழுதுபார்த்து வெளிவரும் எஞ்சின் கறுப்பு வர்ணம் மினுங்க, இணைப்புத் தண்டுகள் வெள்ளியாகத் துலங்க வரும். சிறுவர்கள் அதைப் புது எஞ்சின் என்றே நினைப்பார்கள்.

கரிப்புகை எழுதியது:

என் தந்தையார் இரண்டாம் ஃபயர்மேனாகச் சேர்ந்து, முதல் ஃபயர்மேனாகி, பிறகு டீசல் உதவியாளராக மாறி ஓய்வு பெற்றவர். ஆகையால் இந்த இழையை எட்டி நின்று ரசிக்க எனக்கு வரவில்லை; மன்னியுங்கள்.

எங்கள் வீட்டில் ரயில் என்பது முதலில் இரவில் கதவு தட்டும் சத்தம். வேலைக்கு அழைக்கும் ஆள், கால்மேன் என்போம், கையில் ஒரு புத்தகமும் அரிக்கேன் விளக்குமாக நள்ளிரவில் வந்து நிற்பார். அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு அதில் கையெழுத்துப் போடுவார். அதற்குள் அம்மா அடுப்பு மூட்டியிருப்பார். தகரத்தாலான லைன் பாக்ஸ் ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். அதற்குள் அரிசி, பருப்பு, ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டி, மாற்று உடை, கொடி, விளக்கு. போகிற ஊரில் ஓட்டுநர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் அவரே பொங்கித் தின்ன வேண்டும். எப்போது திரும்புவார் என்று கேட்டால் அம்மாவுக்கே தெரியாது.

திரும்பி வந்தால் நேரே கொல்லைப்புறக் கிணற்றடிதான். காட்டன் வேஸ்ட்டை மண்ணெண்ணெயில் நனைத்து முதலில் கையைத் துடைத்து, பிறகு சோப்புப் போட்டு, பிறகு குளிப்பார். காறித் துப்பினால் கறுப்பாக விழும். முழங்கைக்குக் கீழே ரோமம் இருந்ததே இல்லை. எஞ்சினின் தீ அறைக் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் பொசுங்கிப் போகும். கரியை ஏதோ அடுப்பில் விறகு தள்ளுவதுபோல் அள்ளிப் போடுவது என்று நினைப்பவர்கள் உண்டு. தணல் மெல்லியதாக, மேடுபள்ளம் இல்லாமல், மூலைகளில் மட்டும் சற்றுக் கனமாக இருக்க வேண்டும். ஓடும் எஞ்சினின் ஆட்டத்தில் கால்களை அகட்டி நின்று, ஒவ்வொரு மண்வெட்டியையும் ஒவ்வோர் இடத்துக்குக் குறிபார்த்து வீச வேண்டும். சாம்பல் அதிகமுள்ள கரி வந்துவிட்டால் தணலில் கட்டி தட்டும், நீராவி இறங்கும், ஓட்டுநர் முகம் சுளிப்பார். நீர்மட்டக் கண்ணாடியை ஒரு கணம் மறந்தால் தீ அறையின் மேல்தகடு நீரின்றிக் காய்ந்து எல்லோர் உயிருக்கும் ஆபத்து.

டீசல் பயிற்சிக்கு அவர் பெயர் வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். அப்பா அழுதார் என்று எழுதினால் இந்த இழைக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் அவர் அழவில்லை. வெள்ளைச் சட்டை இரண்டு தைக்கக் கொடுத்தார். அவருடைய நண்பர்களில் சிலருக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. படிப்பு போதாதென்றும் பார்வை போதாதென்றும் ஷெட்டில் வேறு வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். ஓட்டத்துக்கான படி போனதால் சம்பளம் சுருங்கியது. நீராவி போனதில் உண்மையான இழப்பு என்றால் அவர்களுடையதைத்தான் நான் சொல்வேன். ஷெட்டின் சாம்பல் குழியில் அரைகுறையாக எரிந்த கரியைப் பொறுக்கிக் கூடையில் விற்று வந்த பெண்களையும் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அந்தக் கரிதான் எரிந்தது.

இனி 'பு'. 'புது' என்று எனக்குத் தோன்றவில்லை. நோட்டில் வண்டியின் பெயரோ நேரமோ எழுதியிருக்கிறீர்களா? அந்தக் குறி ஒரே வண்டிக்கு அருகில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். குறிப்பாகத் தரங்கம்பாடியிலிருந்து திரும்பி வந்த வண்டி. எஞ்சினைத் திருப்ப டர்ன்டேபிள் இல்லாத இடங்களில், போகும்போது புகைபோக்கி முன்னால் இருக்கும். வரும்போது டெண்டர் முன்னால் வரும். ஓட்டுநர்களுக்கு அது பிடிக்காத வேலை. கரித்தூள் காற்றில் கிளம்பி நேராகக் கண்ணில் விழும், கைகாட்டி சரியாகத் தெரியாது, வேகமும் குறைக்க வேண்டும். சிறுவர்களுக்கு அந்தக் காட்சி நிச்சயம் விநோதமாக இருந்திருக்கும், குறித்து வைத்திருப்பீர்கள்.

யார்க்வாசி எழுதியது:

வடஇங்கிலாந்தில் முப்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். 'தண்டவாளத்தடி' ஐயா சொன்ன கடைசிக் குட்டையை இங்கே என் பக்கத்து வீட்டு முதியவர் தம் வாழ்க்கையிலேயே கண்டிருக்கிறார் என்பதால் எழுதுகிறேன்.

இங்கே எஞ்சின் எண் எழுதுவது ஒரு தலைமுறைச் சிறுவர்கள் எல்லோருக்கும் தொற்றிய பழக்கம். அதற்குக் காரணமானவர் ஐயன் ஆலன் என்ற இளைஞர். சதர்ன் ரயில்வே என்ற, நம் தெற்கு ரயில்வேயின் பெயரையே கொண்ட ஆங்கிலேய நிறுவனத்தில் வேலை பார்த்தவர். எஞ்சின்களைப் பற்றி விசாரித்து வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதி அலுத்துப்போய், 1942-ல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, எல்லா எஞ்சின்களின் எண்களையும் ஒரு சிறு கையேடாக அச்சிட்டார். அது விற்றுத் தீர்ந்தது. மற்ற நிறுவனங்களின் எஞ்சின்களுக்கும் கையேடுகள் வந்தன. சிறுவர்கள் நடைமேடை ஓரத்தில் நின்று, பார்த்த எண்ணை அச்சிட்ட பட்டியலில் அடிக்கோடிட்டார்கள். இங்கேதான் உங்கள் நோட்டுக்கும் அவர்களுடையதற்கும் வேறுபாடு. அவர்களுக்கு எத்தனை மிச்சம் இருக்கிறது என்று தெரியும், உங்களுக்குத் தெரியாது. உங்களுடைய பட்டியல் ஒவ்வோர் எண்ணாகத் தானே வளர்ந்தது. எனக்கு உங்கள் முறைதான் பிடித்திருக்கிறது.

1948-ல் தேசியமயமானபோது இந்நாட்டில் ஏறத்தாழ 20,000 நீராவி எஞ்சின்கள் இருந்தன. 1955-ல் நீராவியைக் கைவிடும் நவீனமயத் திட்டம் வந்தது. அப்படியிருந்தும் 1960 வரை புதிய நீராவி எஞ்சின்களைச் செய்துகொண்டே இருந்தார்கள். கடைசியாகச் செய்த ஈவினிங் ஸ்டார் ஐந்தே ஆண்டுகளில் பணியிலிருந்து எடுக்கப்பட்டு இப்போது அருங்காட்சியகச் சொத்தாக இருக்கிறது. கடைசி மாதங்களில் நீராவிக்கு மிஞ்சியது லங்காஷயர் பக்கத்தில் கார்ன்ஃபோர்த், லாஸ்டாக் ஹால், ரோஸ் குரோவ் என்று மூன்றே ஷெட்டுகள். பக்கத்து வீட்டு முதியவருக்கு அப்போது வயது பதினான்கு. மூடிய ஷெட்டுகளின் எஞ்சின்களெல்லாம் அங்கு வந்து குவிந்ததால், வாழ்நாளில் காணாத எண்களைச் சில வாரங்களில் கண்டதாகவும், தன் பையிலிருந்த கையேட்டில் அந்தக் கோடையில் இட்டதுபோல் அவ்வளவு அடிக்கோடு எப்போதும் இட்டதில்லை என்றும் சொல்வார். மகிழ்ச்சியில் திளைத்ததாகத்தான் சொல்வார். துக்கம் பிறகு வந்ததாம்.

1968 ஆகஸ்டு 11 அன்று லிவர்பூலிலிருந்து கார்லைலுக்குச் சென்று திரும்பிய வழியனுப்பு வண்டியோடு பிரதான பாதைகளில் முறையான நீராவி ஓட்டம் முடிந்தது. கட்டணம் பதினைந்து கினி. அந்தக் காலத்துக்குப் பெருந்தொகை. முதியவரால் ஏற முடியவில்லை. பாதையோரப் புல்வெளியில் ஆயிரக்கணக்கானோரோடு நின்று பார்த்தார். அதே ஆகஸ்டில் இந்தியாவில் புதிய ஒய்.பி.க்களும் ஒய்.ஜி.க்களும் செய்யப்பட்டுக்கொண்டிருந்தன என்று நான் சொன்னபோது, முன்பே தெரிந்திருந்தால் கப்பலேறி வந்திருப்பேன் என்றார். உண்மையிலேயே வந்தவர்கள் உண்டு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கழுத்தில் கேமராவோடு நம் ஊர் ஷெட்டுகளின் வாசலில் அனுமதிக் கடிதத்தை நீட்டிக்கொண்டு நின்ற வெள்ளைக்காரர்களை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். இங்கே இழந்ததை அங்கே தேடி வந்தவர்கள் அவர்கள்.

இங்கே ஏராளமான எஞ்சின்கள் பிழைத்ததற்கு ஒரு தற்செயலும் காரணம். வேல்ஸில் பாரி என்ற ஊரின் பழைய இரும்புக் களத்தில், உடைக்க வாங்கிய எஞ்சின்களை விட்டுவிட்டுச் சரக்குப் பெட்டிகளை முதலில் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் ஆர்வலர்கள் பணம் திரட்டி, ஒவ்வொன்றாக 213 எஞ்சின்களை மீட்டுவிட்டார்கள்.

மலைப்பாதை எழுதியது:

நீராவியின் சத்தத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்பவர்கள் மேட்டுப்பாளையத்துக்கு வரலாம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரப் பாதையில் எக்ஸ் வகை எஞ்சின் பெட்டிகளுக்குக் கீழ்ப்புறம் நின்று மேல்நோக்கித் தள்ளிக்கொண்டு போகும். அதற்கு உருளைகள் (சிலிண்டர்கள்) நான்கு. இரண்டு சாதாரணச் சக்கரங்களுக்கு, இரண்டு பல்சக்கரத்துக்கு. மேட்டில் இரண்டும் சேர்ந்து மூச்சுவிடும்போது தாளம் குழம்பிக் கேட்கும். சமவெளியில் ஒய்.பி. கொடுத்த, ஒரு சுற்றுக்கு நான்கு அடி என்ற சீரான தாளத்தை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. 2011-க்குப் பிறகு பொன்மலையில் புதிதாகச் செய்து வந்த எஞ்சின்களில் பல எண்ணெய் எரிப்பவை. கரிப்புகை வாசம் தேடிப் போகிறவர்கள் ஏமாறக்கூடும். சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது.

தண்டவாளத்தடி எழுதியது:

'கரிப்புகை' அவர்கள் சொன்னது முற்றிலும் சரி. 'பு' பற்றிய என் ஊகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 1980-ஐ ஒட்டி ஒரு சாதாரணப் பாசஞ்சர் எஞ்சினுக்குப் புது வர்ணம் அடித்து அனுப்பும் மனநிலை எங்கும் இருக்கவில்லை. அலுவலகத்தில் அமர்ந்து எழுதியவனுக்கும் எஞ்சினில் நின்றவரின் பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு இதுதான் போலும்.

மாயூரம்_சந்திப்பு எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு 'கரிப்புகை' அவர்கள் சொன்னபடி ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். எல்லா எண்களுக்கும் வண்டியை எழுதவில்லை. எழுதிய இடங்களில் 'த.வண்டி' என்றிருக்கிறது. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு வழியாகத் தரங்கம்பாடி போய் வந்த வண்டியைத்தான் வீட்டில் அப்படிச் சொல்வோம். 'பு' போட்ட பதினோரு எண்களில் ஒன்பது அந்த வண்டிக்கு உரியவை, எல்லாம் மாலையில் ஊர் திரும்பிய வண்டிகள். இந்த விவரத்தைத் தொலைபேசியில் என் அக்காவிடம் சொல்லி முடிப்பதற்குள் அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். "புறமுதுகுடா! மறந்துட்டியா?" என்றார். அவர் அப்போது உயர்நிலைப் பள்ளியில் புறநானூறு படித்துக்கொண்டிருந்தார். போரில் முதுகு காட்டாத வீரனைப் பற்றிய பாட்டை மனப்பாடம் செய்துகொண்டே தண்ணீர்த் தூண் அருகே என்னோடு நின்றவர், டெண்டரை முன்னால் நீட்டிக்கொண்டு வந்த எஞ்சினைப் பார்த்து, இதோ புறமுதுகு காட்டி வருகிறது என்று சொல்ல, அன்றிலிருந்து எங்கள் இருவருக்குள் அதுவே பெயராக நிலைத்துவிட்டதாம். அந்தக் கிளைப் பாதையே 1986-ல் மூடப்பட்டுவிட்டது.

எண்கள் கூடியதற்கான விளக்கம் என்னை ஓரளவு கலங்க வைத்தது என்பதை மறைக்கவில்லை. 1982-ல் அந்தப் பத்தொன்பது எண்களை எழுதியபோது நான் எவ்வளவு குதூகலமாக இருந்தேன் என்பது கையெழுத்திலேயே தெரிகிறது. ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு நட்சத்திரம். எங்கள் ஊர் பெரிய சந்திப்பாக வளர்ந்துவிட்டது, அதனால்தான் இத்தனை எஞ்சின்கள் வருகின்றன என்று பள்ளியில் பெருமையடித்துக்கொண்டது நினைவிருக்கிறது.

ஒட்டியிருந்த கடைசித் தாள்களையும் இன்று காலை இட்லிப் பானை ஆவியில் காட்டிப் பிரித்துவிட்டேன். நான் எழுதுவதை நிறுத்தியது நீராவி எஞ்சின்கள் நின்றுபோனதால்தான் என்று இத்தனை ஆண்டுகளாக எண்ணியிருந்தேன். பிள்ளைகளிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் நீராவி எஞ்சின் எதுவும் இல்லை. பக்கம் முழுவதும் ஒரே ஒரு வரி, சிவப்பு மையில், கீழே இரண்டு கோடுகள் போட்டு: ஒய்.டி.எம். 4 என்ற டீசல் எஞ்சின், ஆறில் தொடங்கும் நான்கு இலக்க எண், 'அருமையான ஹாரன், ஓட்டுநர் கையசைத்தார்' என்ற குறிப்பு. அதற்குப் பின் நோட்டில் எதுவும் இல்லை. காலைப் பாசஞ்சர் அதன் பிறகும் நெடுநாள் கரி எஞ்சினோடுதான் வந்துகொண்டிருந்தது என்று அக்கா உறுதியாகச் சொல்கிறார். நான்தான் போய்ப் பார்க்கவில்லை.

பக்கங்களைப் படமெடுத்து இந்த வார இறுதியில் இங்கே ஏற்றுகிறேன். எந்த எண் எந்த ஷெட்டிலிருந்து வந்தது என்று 'தண்டவாளத்தடி' ஐயா இரண்டொன்றையாவது சொல்ல முடிந்தால் மகிழ்வேன்.